பஜனைப் பதிவில் வேகம் ஏறிக்கொண்டே போகிறது, கிளிக் ஒத்துவரவில்லை. எப்படிச் சரிசெய்வது?

திண்ணைப்பாட்டு:

வணக்கம். எங்கள் தெருவில் மார்கழி முழுக்கக் காலையில் பஜனை உண்டு. இந்த முறை மாதம் முடிவதற்குள் எல்லோரையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து ஒருநாள் முறையாகப் பதிவு செய்தேன். முன்பாட்டு பாடும் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் குரல் நல்ல மைக்கில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

முன்பாட்டு, பின்பாட்டு, ஹார்மோனியம், மிருதங்கம் என்று நான்கு மைக். ஜால்ராவுக்குத் தனியாக இல்லை, அது எல்லா மைக்கிலும் விழுந்திருக்கிறது. 48,000 சாம்பிள் ரேட் (விநாடிக்கு அத்தனை ஒலி மாதிரிகள்), மொத்தம் 34 நிமிடம். ஓரமாக ஒரு செல்போனில் வீடியோவும் ஓடியது. பாடுகிறவர்கள் காதில் கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி) எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அவர்கள் பாடியிருக்கவே மாட்டார்கள்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் போட்டு, ஆரம்பத்தைக் கேட்டு டெம்போ 80 என்று, அதாவது நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்தேன். நாலைந்து ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) திரையில் தெரியும் தாளக் கோடுகளோடு ஒத்துப்போனது. அப்புறம் பாட்டு முந்திக்கொண்டு போய்விட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகன் அதே 80 கிளிக்கைக் கேட்டுப் புல்லாங்குழல் வாசித்து அனுப்பினான். இரண்டாவது நிமிடத்திலேயே சேரவில்லை. சரி, டெம்போவை 84 ஆக்கிப் பார்ப்போம் என்று மாற்றினால், பதிவான குரல்களே வேகமாக ஓடின, கிளிப்புகள் இடம் மாறின. பயந்துபோய்ப் பழையபடி ஆக்கிவிட்டேன்.

செல்போன் ஒலி ஆரம்பத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடைசியில் மங்களம் வரும்போது எதிரொலி மாதிரி பின்தங்குகிறது.

எல்லாவற்றையும் 84-க்கு இழுத்து நேராக்கிவிடலாமா? வேறு வழி இருக்கிறதா?

நேரக்கோடு:

எதையும் இழுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. செல்போன் பின்தங்குவது கருவியின் கடிகாரத்தால் வருவது. பாட்டு முந்துவது மனிதர்கள் பாடியதால் வருவது. முன்னதற்கு ஒலியைத் தொட வேண்டும். பின்னதற்கு ஒலியைத் தொடவே கூடாது, கோடுகளைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ஒரு வாரம் வீணாக்கியவன் நான், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

முதலில் செல்போனைப் பார்ப்போம். நன்றாகத் தெரியும் மிருதங்க அடி ஒன்றை ஆரம்பத்தில் எடுத்து, இரண்டு ஒலியையும் அந்த அடியில் சேர்த்துவிடுங்கள். பிறகு 10, 20, 34-வது நிமிடங்களில் அதேபோல் ஓர் அடியைப் பார்த்து, எத்தனை மில்லி விநாடி தள்ளியிருக்கிறது என்று எழுதுங்கள்.

திண்ணைப்பாட்டு:

அளந்துவிட்டேன். 10-வது நிமிடத்தில் 35, 20-வது நிமிடத்தில் 70, கடைசியில் 120 மில்லி விநாடி. செல்போன்தான் பின்னால். சாம்பிள் ரேட் மாறிப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. 44,100, 48,000 என்று ஏதோ சொல்வார்களே?

நேரக்கோடு:

அது இல்லை. 48,000-ல் பதிந்ததை 44,100 என்று நினைத்து ஓட்டினால் 34 நிமிடம் 37 நிமிடமாக நீளும், சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை இறங்கும். அப்படி இருந்திருந்தால் முதல் வரியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் எண்கள் நேர்கோட்டில் ஏறுகின்றன. நிமிடத்துக்கு மூன்றரை மில்லி விநாடி. இது கடிகார வித்தியாசம். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகம் நேரத்தை அளக்கிறது, இரண்டு படிகங்கள் அச்சாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. உங்கள் இரண்டு கருவிகளுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் சுமார் 59 பங்குதான். ஒரு பாட்டுக்கு அது தெரியாது. அரைமணி நேரத்துக்கு மேல் போனால் எதிரொலியாக வந்து நிற்கும்.

செல்போன் கிளிப்பின் கடைசி விளிம்பை, ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுத்து, கடைசி மிருதங்க அடி பொருந்தும் வரை சுருக்குங்கள். அதற்கு முன் கிளிப்பின் பண்புகளில் 'ப்ரிசர்வ் பிட்ச்' என்பதில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். சுருதி மாறிவிடுமே என்று தோன்றும். மாறும், ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அரைச் சுருதிக்கு நூறு சென்ட் என்பதால் யார் காதுக்கும் அது எட்டாது. குறி இருந்தால், சுருதியைக் காப்பாற்றுவதற்காக மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக்கி ஒட்டும், ஜால்ராவின் கூர்மை மழுங்கிவிடும்.

இரண்டாவது வேலைக்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் 'டைம்பேஸ்' என்று இருக்கும். அது 'பீட்ஸ்' என்றிருந்தால், கிளிப் எல்லாம் தாளக் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டெம்போவைத் தொட்டதும் குரல்கள் ஓடியது அதனால்தான். அதை 'டைம்' என்று மாற்றுங்கள். இனிக் கோடு எங்கே போனாலும் குரல் தன் விநாடியில் நிற்கும். பின்னால் மிடியில் (ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்புகளாக) ஏதாவது சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அந்த டிராக்கை மட்டும் 'பீட்ஸ்' ஆக வையுங்கள். டிராக்கின் மேல் வலது சொடுக்கினால் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒலிப்பெட்டி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஸ்டூடியோவில் எனக்கு வரும் பாதி வேலை இதுதான். ஸ்ட்ரெச் மார்க்கர் (ஒலியை அந்தந்த இடத்தில் நீட்டவும் சுருக்கவும் உதவும் குறி) போட்டு எல்லாவற்றையும் 84-க்கு இழுத்துவிட்டால் புல்லாங்குழல், கீபோர்டு, பேஸ் என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரு வரி நன்றாக இல்லை என்றால் வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். நாட்டியப் பள்ளிக்காரர்கள் கேட்பதும் வேகம் மாறாத பதிவைத்தான், குழந்தைகள் அதற்குத்தான் பழகுகிறார்கள். 34 நிமிடத்துக்கும் கோடு வரைந்துகொண்டிருப்பது இரண்டு நாள் வேலை.

நடைபேதம்:

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். ஒலிப்பெட்டி அண்ணா சொல்வது நாட்டியப் பாட்டுக்குச் சரி. இது நாமாவளி. ஒரே வரியை முன்பாட்டுக்காரர் பாட, கூட்டம் திருப்பிப் பாட, மெல்ல மெல்லக் காலப்பிரமாணம் ஏறும். ஒரு கட்டத்தில் மேல்காலத்துக்கு, அதாவது இரட்டிப்பு நடைக்கு, தாவும். அந்த ஏற்றத்துக்காகத்தான் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 80-ல் தொடங்கி 100-க்குப் போனதை 84 ஆக்கினால், தொடக்கத்தில் இருந்த நிதானமும் போகும், முடிவில் இருந்த வேகமும் போகும். எண்பது வயதுப் பெரியவர் கூட்டத்தைத் தூக்கிக்கொண்டு போன விதத்தை நாம் அழித்ததாகிவிடும். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

நேரக்கோடு:

நடைபேதம் சொன்னதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது, இது வெறும் இயற்பியல். நான்கு மைக்கும் ஒரே கூடத்தில். மிருதங்கம் பெரியவரின் மைக்கிலும் கேட்கும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி, மூன்று மீட்டர் தள்ளியிருந்தால் 9. அந்தச் சின்னத் தாமதம் கூடத்தின் இயல்பு, காது ஏற்றுக்கொள்ளும். மிருதங்க டிராக்கை மட்டும் 40 மில்லி விநாடி நகர்த்தினால், அதன் கசிவு மற்ற மூன்று மைக்கிலும் பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வோர் அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். எங்காவது நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நான்கையும் ஒரு குரூப்பாகக் கட்டி, ஒன்றாக வெட்டி, ஒன்றாகத்தான் நகர்த்த வேண்டும்.

ஒலிப்பெட்டி:

கசிவு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஜால்ரா எல்லா மைக்கிலும் விழுந்திருக்கிறது என்று அவர் எழுதியதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். தனித்தனி அறையில் எடுத்த பதிவுக்கு மட்டும் என் வழி.

திண்ணைப்பாட்டு:

டைம்பேஸ் மாற்றியதும் குரல்கள் அசையவில்லை. செல்போனும் மங்களம் வரை ஒட்டிவிட்டது. ரொம்ப நன்றி.

இப்போது கோடு போட உட்கார்ந்தேன். பாட்டின் முதல் எழுத்தில் முதல் டெம்போ மார்க்கர் (இங்கிருந்து இந்த வேகம் என்று சொல்லும் குறி) வைத்தேன். அடுத்த ஆவர்த்தனத்தில் அதே எழுத்து வரும் இடத்தில் இன்னொன்று. வேகம் சரியாக வருகிறது, ஆனால் கிளிக் ஓட்டினால் மிருதங்கத்தோடு எதிர்த்துக்கொண்டு கேட்கிறது. எங்கே தப்பு?

நடைபேதம்:

எடுப்பைப் பார்த்தீர்களா? பாட்டு சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் தொடங்குகிறதா, தள்ளித் தொடங்குகிறதா?

திண்ணைப்பாட்டு:

வீடியோவில் பெரியவரின் கையைப் பார்த்தேன். தட்டிவிட்டு, ஒன்றரை அட்சரம் கழித்துத்தான் வாயைத் திறக்கிறார்!

நடைபேதம்:

அதுதான். மென்பொருளின் 'பார்' கோடு என்பது நம் சமம். அது பாட்டின் முதல் எழுத்து இல்லை. 80-ல் ஓர் அட்சரம் 0.75 விநாடி, ஒன்றரை அட்சரம் 1.125 விநாடி. உங்கள் கோடுகள் எல்லாம் அவ்வளவு தள்ளி நிற்கின்றன. வேகம் சரியாக வருவதால் தப்பு தெரியாது, ஆனால் அரை அட்சரம் எதிரில் விழுவதால் காது சண்டை போடும். குரலை விட்டுவிடுங்கள். மிருதங்கத்தில் சமம் விழும் அடியைப் பிடித்து அதில் கோடு வையுங்கள். சந்தேகம் வந்தால் வீடியோவில் கையைப் பாருங்கள். தாளம் போடும் கை தெரிகிற மாதிரி ஒரு வீடியோ இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது தெரிகிறதா? இனிமேல் பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் அதை எடுத்து வையுங்கள்.

நேரக்கோடு:

ஆதி தாளம், எட்டு அட்சரம் என்பதால் டைம் சிக்னேச்சரை (ஒரு பாருக்கு எத்தனை அட்சரம் என்ற அமைப்பு) 8/4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார், ஓர் ஆவர்த்தனம். 4/4 வைத்தால் சமம் எது, பாதி எது என்று நடுவில் குழம்பும்.

ஒவ்வோர் அட்சரத்துக்கும் மார்க்கர் வேண்டாம். அப்படி வைத்தால் கை நடுக்கமெல்லாம் கிளிக்கில் ஏறி, புல்லாங்குழல்காரர் நொண்டுகிற கிளிக்கைக் கேட்டு வாசிக்க வேண்டியிருக்கும். நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒன்று போதும். கணக்கு எளிது: அட்சரங்களை 60-ஆல் பெருக்கி, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் டெம்போ. 32 அட்சரம் 24 விநாடியில் முடிந்தால் 80. 22.86 விநாடியில் முடிந்தால் 84.

வேகம் படிப்படியாக ஏறும் பகுதியில், மார்க்கரில் அடுத்ததற்குப் போகும்வரை சீராக மாறச் சொல்லும் தெரிவைப் போடுங்கள். 84-லிருந்து 104-க்கு ஏறுகிறது என்றால் நடுவில் சராசரி 94, அந்த 32 அட்சரம் 20.4 விநாடியில் முடியும். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் டெம்போ படிக்கட்டு மாதிரி குதிக்கும். நான்கு ஆவர்த்தனத்துக்குள் கிளிக் விலகுவது தெரிந்தால் அங்கே மட்டும் இடையில் ஒன்று சேருங்கள். 25 மில்லி விநாடிக்குள் விலகினால் நான் விட்டுவிடுவேன்.

பனங்கூடல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கட கோயில் பதிவு ஒன்றும் இதே நிலைமையில கிடக்குது. என்னட்ட ஆடாசிட்டி மட்டும்தான் இருக்கு. அதில இப்படிக் கோடு போடலாமோ?

நேரக்கோடு:

ஆடாசிட்டி 3.4-லிருந்து பீட் கோடுகள் வந்துவிட்டன. ஆனால் என்னிடம் இருக்கும் பதிப்பில் புராஜெக்ட் முழுமைக்கும் ஒரே டெம்போதான். மாறும் வேகத்துக்கு அது உதவாது. ஆனால் அளக்கும் வேலையை அதிலேயே செய்யலாம். பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு சமத்திலும் கன்ட்ரோலும் எம்-மும் அழுத்துங்கள், லேபிள் விழும். பிறகு லேபிள்களை எழுத்துக் கோப்பாக எடுத்தால் விநாடிகள் வரிசையாக வரும். ஒரு கணக்குத் தாளில் போட்டு மேலே சொன்ன வாய்ப்பாட்டைக் கொடுத்தால் டெம்போப் பட்டியல் தயார். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் இன்னும் வசதி. அதுவும் இலவசம். ஓடும்போது தட்டிக்கொண்டே போகலாம், பிறகு குறிகளை இழுத்துத் திருத்தலாம்.

தானாகவே டெம்போ கண்டுபிடிக்கும் வசதிகளும் பல மென்பொருள்களில் உண்டு. பஜனைக்கு நான் அவற்றை நம்புவதில்லை. ஜால்ராவின் இரட்டை அடியைப் பிடித்துக்கொண்டு வேகத்தை இரண்டு மடங்காகக் காட்டிவிடும்.

பனங்கூடல்:

நல்லது அண்ணை. லேபிள் போட்டுப் பார்க்கிறன்.

திண்ணைப்பாட்டு:

இரண்டு இரவு வேலை செய்து 26 நிமிடம் வரை வந்துவிட்டேன். மூன்று இடங்களில் நிற்கிறேன்.

ஒன்று, நடுவில் பெரியவர் ஒரு விருத்தம் பாடுகிறார், இரண்டு நிமிடம். தாளமே இல்லை. இரண்டு, 19-வது நிமிடத்தில் கூட்டம் ஓர் அட்சரம் முன்னாலேயே எடுத்துவிட்டது. பெரியவர் முகம் மாறாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டார், மிருதங்கமும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் என் கோடெல்லாம் ஓர் அட்சரம் தள்ளிப்போகிறது. மூன்று, மேல்காலம். தாவுவதற்கு முன் கடைசி 32 அட்சரம் 19.2 விநாடி, அதாவது 100. தாவிய பிறகு அதே அளவு பாட்டு 10.4 விநாடியில் முடிகிறது. கணக்கு 184.6 என்கிறது. இரட்டிப்பு என்றால் 200 அல்லவா வர வேண்டும்?

நேரக்கோடு:

விருத்தத்தில் கோடு தேடாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குக் கிளிக்கை மௌனமாக்கிவிட்டு, விருத்தம் முடிந்து தாளம் தொடங்கும் முதல் சமத்தில் புது மார்க்கர் வையுங்கள். புல்லாங்குழல் தம்பி அங்கே பெரியவரைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும், வேறு வழியும் இல்லை, அதுதான் அழகும்.

19-வது நிமிடத்தில் ஒலியை வெட்டி ஓர் அட்சரம் சேர்க்கலாம் என்று கை அரிக்கும். செய்யாதீர்கள். ஹார்மோனியத்தின் நீண்ட நாதம் அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஒட்டு தெரியும். அந்த ஒரே ஓர் ஆவர்த்தனத்தை 7/4 என்று வைத்துவிட்டு, அடுத்ததில் திரும்ப 8/4 வையுங்கள். கோடு அன்று நடந்ததைச் சொல்லட்டும்.

நடைபேதம்:

மூன்றாவதற்கு நான் சொல்கிறேன், இது தாளக்காரர்கள் பேச வேண்டிய இடம். வீடியோவில் தாவும் இடத்தைப் பாருங்கள். தாளம் போடும் கை இரட்டிப்பாகத் தட்டுகிறதா, அல்லது கை அப்படியே இருந்து ஜால்ராவும் பாட்டும் மட்டும் இரட்டிக்கிறதா?

திண்ணைப்பாட்டு:

கை மாறவே இல்லை. ஜால்ராதான் இரட்டிப்பு. பாட்டு ஓர் ஆவர்த்தனத்துக்குள் இரண்டு முறை வருகிறது.

நடைபேதம்:

அப்படியானால் அது டெம்போ மாற்றமே இல்லை. நம் முறையில் மேல்காலம் என்றால் தாளம் நிற்கும், அட்சரத்துக்குள் அடங்கும் சொற்கள் இரட்டிக்கும். நீங்கள் 32 அட்சரம் என்று எண்ணியது பாட்டை வைத்து. கையை வைத்து எண்ணினால் அது 16. ஆகவே 184.6 இல்லை, அதில் பாதி, 92.3. அதையே போடுங்கள். 184.6 என்று போட்டால் புல்லாங்குழல்காரருக்குக் கிளிக் மழை மாதிரி கொட்டும், ஆவர்த்தனக் கணக்கும் கெட்டுவிடும்.

இப்போது எண்களைப் பாருங்கள். 100-ல் இருந்த தாளம் தாவும் இடத்தில் 92-க்கு இறங்கியிருக்கிறது. கேட்கிறவர்களுக்கு வேகம் எகிறியதாகத்தான் தெரியும். கை மட்டும் கொஞ்சம் இளகியிருக்கிறது. 100-ல் அப்படியே இரட்டித்திருந்தால் பின்பாட்டுக் கூட்டத்துக்கு எழுத்துகள் வாயில் வந்திருக்காது. அவர்களுக்கு இடம் கொடுத்துத்தான் தாவியிருக்கிறார்.

ஒலிப்பெட்டி:

இதை நேராக்கியிருந்தால் போயிருக்கும். நான் மேலே சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

புல்லாங்குழலுக்கு அனுப்பும்போது சில விஷயங்கள், இது எனக்குப் பழகிய வேலை. வழிகாட்டி மிக்ஸை புராஜெக்டின் பூஜ்ஜியத்திலிருந்து முழுதாக எடுங்கள், 48,000-லேயே, வேவ் கோப்பாக. எம்பி3 வேண்டாம், அதில் முன்னால் ஒரு சிறு மௌனம் சேரும். லேம் என்ற எம்பி3 குறியாக்கியில் அது 44,100 சாம்பிள் ரேட்டில் சுமார் 25 மில்லி விநாடி, மென்பொருளைப் பொறுத்து கழிந்தும் போகும், கழியாமலும் இருக்கும். பாட்டு தொடங்கும் முன் 8 அட்சரம் கிளிக் மட்டும் ஓடட்டும். கிளிக்கையும் பாட்டையும் தனித்தனிக் கோப்பாகக் கொடுங்கள், தம்பி தனக்கு வேண்டிய அளவு ஏற்றி இறக்கிக்கொள்வார். புளூடூத் ஹெட்போன் போட்டு வாசிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர் காதுக்குப் பாட்டு தாமதமாக வந்து, அந்தத் தாமதத்தோடே வாசிப்பார். கம்பி ஹெட்போன்தான். அவர் அனுப்பும் கோப்பும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கட்டும், முன்னால் வெட்ட வேண்டாம்.

திண்ணைப்பாட்டு:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் 61 மார்க்கர். 7/4 ஆவர்த்தனம் அப்படியே இருக்கிறது, கிளிக் அங்கே சுகமாகக் கடந்துபோகிறது. தம்பி முதல் முறை அனுப்பியது ஒரே சீராகப் பின்தங்கியிருந்தது. கேட்டால் புளூடூத். திரும்ப வாசித்து அனுப்பினான், அப்படியே பூஜ்ஜியத்தில் வைத்தேன், உட்கார்ந்துகொண்டது. விருத்தத்தில் பெரியவர் முடிக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு ஒரு மூச்சு கழித்து வாசித்திருக்கிறான்.

ஒலியில் நான் கை வைத்தது ஒரே ஓர் இடம்தான். 23-வது நிமிடத்தில் யாரோ ஒரு செம்பைத் தட்டிவிட, எல்லோரும் ஒரு கணம் தடுமாறுகிறார்கள். அங்கே நான்கு டிராக்கையும் சேர்த்து வெட்டிச் சரிசெய்தேன். பிறகு கேட்டுப் பார்த்துவிட்டுப் பழையபடியே ஆக்கிவிட்டேன். செம்பின் சத்தத்தை எடுத்தால் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணமே இல்லாமல் போகிறது.

நேற்று பெரியவர் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். மேல்காலத்துக்குத் தாவும் இடம் வந்ததும் 100, 92 கணக்கைச் சொன்னேன். கூட்டத்துக்காகவா இறக்கினீர்கள் என்று கேட்டேன். கையை நிறுத்தாமல், "இல்லப்பா, அங்கேதான் நான் மூச்சு வாங்கினேன்" என்றார்.